இருபத்தேழு மருந்து உறைகள்

அத்தியாயம் 9

சுய்யுன் காலையில் கூடத்துக்கு வந்தபோது சாப்பாட்டு மேஜையில் கஞ்சிக் கிண்ணம் வைக்க இடமில்லை.

மேஜை முழுக்க மருந்து உறைகள். ஆஸ்பத்திரியில் கொடுக்கிற காகித உறைகள். ஒவ்வொன்றின் மேலும் அவள் பேர், தேதி, எந்தப் பிரிவு, எந்த வேளைக்கு எத்தனை மாத்திரை என்று அச்சடித்திருந்தது. சீட்டுக்கட்டை விரிப்பதுபோல் அவற்றை வரிசை வரிசையாகப் பரப்பிவைத்துவிட்டு, எதிரே கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள் மகள் ஜிங்ரூ.

இரண்டு நாள் லீவில் வீட்டுக்கு வந்தவள், தலையணை உறை தேடப்போய் அம்மாவின் அலமாரிக் கீழ்த்தட்டில் கை வைத்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். அங்கே கிடைத்தவைதான் இவை. ஜிங்ரூ தாய்ச்சுங் நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநர். இருபத்தாறு வயது. உறையைப் பார்த்தாலே உள்ளே இருக்கும் மாத்திரையின் நிறத்தைச் சொல்லிவிடுவாள். அவளிடம் போய் இதை மறைக்க நினைத்தது சுய்யுனின் தப்பு.

"உக்காரும்மா."

"ஆபீசுக்கு நேரமாச்சு."

"ஏழு மணிதான் ஆகுது. உக்காரு."

சுய்யுன் உட்கார்ந்தாள். கணவன் போவென் அஞ்சரைக்கே கிளம்பிப் போயிருந்தான். அவன் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. நல்லவேளை, அவன் இதைப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"இதயம் ஆறு. காது அஞ்சு. எலும்பு ஏழு. வயிறு நாலு. தூக்கத்துக்கு அஞ்சு," ஜிங்ரூ விரலால் ஒவ்வொரு வரிசையாகத் தொட்டுக் காட்டினாள். "ஒம்பது மாசத்துல இருபத்தேழு. என்ன வியாதிம்மா உனக்கு? எனக்குத் தோணாத வியாதியே இல்ல. விடிய விடிய உக்காந்து ஒவ்வொண்ணா யோசிச்சேன்."

"வியாதி ஒண்ணும் இல்ல."

"அம்மா."

"நெஜமாத்தான் சொல்றேன். அதுதானே பிரச்சனை. எல்லாரும் நார்மல், நார்மல்னுதான் சொல்றாங்க."

அது பொய்யில்லை. புத்தாண்டு முடிந்த மாதம் ஒருநாள் ஆபீசில் உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொண்டது. யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற மாதிரி. இதய டாக்டரிடம் போனாள். ஒரு நாள் முழுக்க மார்பில் கம்பி ஒட்டிக்கொண்டு திரிந்தாள். ஒன்றுமில்லை என்றார். தலை சுற்றியது. காது டாக்டர் காதில் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். வலது தோள் தூக்க முடியவில்லை. எலும்பு டாக்டர் ஊசி போட்டார். இந்த மாத்திரைகளால் வயிறு எரிந்தது. வயிற்று டாக்டர் வேறு மாத்திரை கொடுத்தார். தூக்கம் வரவில்லை என்றதற்கு இன்னொன்று. ஒவ்வொரு இடத்திலும் ஒரு மணி நேரம் காத்திருந்து மூன்று நிமிடம் பேசினாள். வெளியே வரும்போது கையில் ஓர் உறை. அவ்வளவுதான்.

"கடைசியா உனக்கு எப்ப வந்துச்சு?" என்றாள் ஜிங்ரூ.

"எது?"

"எதுன்னா? மாசா மாசம் வர்றது."

சுய்யுன் கஞ்சிப் பானை பக்கம் பார்த்தாள். "போன வருஷம். ஆகஸ்ட்ல, ஆவிகளுக்குப் படைக்கிற மாசத்துக்கு முன்னாடி."

"பதினாலு மாசம் ஆச்சு." ஜிங்ரூ உறைகளை மறுபடி பார்த்தாள். அவள் முகத்தில் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. "உடம்பு குப்புனு எரியுதா? கழுத்துலேந்து மேல?"

"ஒரு நாளைக்கு எட்டுப் பத்து தடவை."

"இதை இந்த அஞ்சு டாக்டர்ல யாராவது கேட்டாங்களா?"

"இல்ல."

"நீயாவது சொன்னியா?"

"காது பாக்குறவர்கிட்ட போய் அதச் சொல்லுவாங்களா?"

ஜிங்ரூ சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ சாகப்போறேன்னு நெனச்சேன்மா."

"எனக்கும் அப்படித்தான் தோணிச்சு, ரெண்டு மூணு தடவை," என்றாள் சுய்யுன். சொன்ன பிறகுதான் அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

"இன்னிக்கு மத்தியானம் ரெண்டரைக்கு மகளிர் பிரிவு. பதினேழாம் நம்பர். போன்லயே போட்டுட்டேன்."

"அங்க வேண்டாம். உங்க பெரியத்தை அங்கதான் உக்காந்திருப்பாங்க."

போவெனின் அக்கா ஷியூலான் ஓய்வுக்குப் பிறகு ஆற்றுப்பாலத்தை ஒட்டிய ஆஸ்பத்திரியில் தொண்டராக இருந்தாள். மஞ்சள் மேல்சட்டை போட்டுக்கொண்டு, மகளிர் பிரிவு வாசலில், வருகிறவர்களுக்குக் காப்பீட்டு அட்டையை இயந்திரத்தில் செருக வழி காட்டுகிற வேலை. அவளுக்குத் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் குடும்பம் முழுக்கத் தெரிந்துவிடும். அதற்காகத்தான் சுய்யுன் அந்தக் கதவை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாக் கதவையும் தட்டினாள். இன்னொரு பயமும் இருந்தது. அவள் சொந்த அக்காவுக்கு எட்டு வருடம் முன்பு மார்பில் கட்டி வந்து அறுவை நடந்தது. இந்த வயதில் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டதால்தான் என்று வீட்டில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

"பெரியத்தை இருந்தா இருக்கட்டும். நானும் வர்றேன்," என்றாள் ஜிங்ரூ.

சுய்யுன் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பையின் உள்ளறையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. விருப்ப ஓய்வு விண்ணப்பம். இன்று ஐந்து மணிக்குள் மேலதிகாரியிடம் கொடுக்க வேண்டும்.

அதைப் பற்றி மகளுக்கும் தெரியாது, கணவனுக்கும் தெரியாது.

*

குடிப்பதிவு அலுவலகத்தில் சுய்யுனுக்கு இது இருபத்தாறாவது வருடம். பிறப்பு, கல்யாணம், விவாகரத்து, சாவு எல்லாம் அவள் கவுன்ட்டர் வழியாகத்தான் போகும். தப்பே விடாதவள் என்று பேர் எடுத்தவள்.

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு குழந்தையின் பேரில் தப்பு விட்டாள். எழுத்தில் எத்தனை கோடு இருந்தால் ராசி என்று ஜோசியர் கணக்குப் போட்டுக் கொடுத்த எழுத்து. அவள் பதிந்தது அதே மாதிரி இருக்கும் வேறோர் எழுத்து. இரண்டு கோடு குறைவு. தகப்பன் திரும்பி வந்தான், திருத்திக் கொடுத்தாள், அவன் தலை குனிந்து நன்றி சொல்லிவிட்டுப் போனான். யாரும் திட்டவில்லை. ஆனால் அன்று முதல் எந்தப் பேரைத் தட்டினாலும் மூன்று தடவை சரிபார்த்தாள். தினமும் பார்க்கிற சக ஊழியையின் பேர்கூட ஒரு நாள் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வரமாட்டேன் என்றது. மூளை கரைந்துகொண்டிருக்கிறது, அடுத்த தப்பு விடுவதற்குள் போய்விடுவது மரியாதை என்று முடிவு செய்துதான் விண்ணப்பத்தை எழுதினாள்.

பத்தரை மணிக்கு ஒரு ஜோடி கல்யாணப் பதிவுக்கு வந்தது. இரண்டு சாட்சிகளில் ஒருவர் பெண்ணின் அம்மா. சந்தையில் மீன் உருண்டைக் கடை வைத்திருப்பவர். ரப்பர் பூட்சைக்கூட மாற்றாமல் வந்திருந்தார்.

படிவத்தைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போதே சுய்யுனுக்குக் கழுத்தடியில் அது கிளம்பியது. காது, கன்னம், உச்சந்தலை. முதுகில் சட்டை ஒட்டியது. எழுத்துகள் கலங்கின. பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஒரு நிமிஷம். மன்னிக்கணும்."

மாப்பிள்ளை பதறிப்போய் படிவத்தைப் பார்த்தான். "ஏதாவது தப்பா எழுதிட்டோமா?"

"நீ சும்மா இரு," என்றார் மீன்கடை அம்மாள். மேஜையில் கிடந்த அறிவிப்பு அட்டையை எடுத்து, கேட்காமல் கொள்ளாமல் சுய்யுனுக்கு விசிறத் தொடங்கினார். "உங்களுக்கும் வந்துட்டுதா? எனக்கு நாலு வருஷம் ஆட்டிவெச்சது. ஐஸ் பெட்டியத் திறந்து தலைய உள்ள விட்டுக்கிட்டு நிப்பேன். வாங்க வந்தவங்க மீனப் பாக்குறதா என்னப் பாக்குறதான்னு தெரியாம நிப்பாங்க."

"அம்மா, இங்க போய்," என்று நெளிந்தாள் கல்யாணப் பெண்.

"இங்க என்ன? ஒனக்கும் ஒருநாள் வரும்." அவர் விசிறுவதை நிறுத்தவில்லை. "டாக்டர்கிட்ட போனீங்களா?"

"அஞ்சு பேர்கிட்ட போனேன்."

"அஞ்சு பேரா? எல்லாரும் இதுக்கா?"

சுய்யுன் ஒரு நிமிடம் யோசித்தாள். "ஒருத்தர்கூட இதுக்கு இல்ல."

மீன்கடை அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். சுய்யுனும் சிரித்தாள். வெப்பம் வந்த வழியே இறங்கிப் போயிற்று. படிவத்தை எடுத்து ஒவ்வோர் எழுத்தாக, சத்தமாகப் படித்து, நான்கு பேரையும் தலையாட்ட வைத்துவிட்டுத்தான் பதிந்தாள். பின்புறத்தில் துணையின் பேர் அச்சான புது அடையாள அட்டைகளை இரண்டு கையாலும் நீட்டி வாழ்த்துச் சொன்னாள்.

பிறகு அரைநாள் லீவு எழுதிக் கொடுத்தாள்.

*

மஞ்சள் மேல்சட்டை தூரத்திலேயே தெரிந்தது.

"அட, யாரு வர்றாங்கன்னு பாரு," ஷியூலான் எழுந்து நின்றாள். அவள் கண் ஜிங்ரூவின் வயிற்றுக்குப் போய்விட்டுத் திரும்பியது. "என்ன விசேஷம்?"

"எனக்கு இல்ல பெரியத்தை. அம்மாவுக்கு."

"உனக்கா? உனக்கு என்ன இப்ப?"

"வேர்க்குது, படபடங்குது, தூக்கமில்ல, பெரியக்கா," என்றாள் சுய்யுன். இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டால் கிளறமாட்டாள் என்று நினைத்தாள்.

"இதுக்கெல்லாமா டாக்டர்? நாங்கள்லாம் நாலு மிளகாய் தின்னு நல்லா வேர்த்துட்டு வேலையப் பாத்தோம். இப்ப இருக்கிறவங்களுக்கு ஒரு தும்மல் வந்தாலும் நம்பர் போடணும்." சொல்லிக்கொண்டே சுய்யுனின் காப்பீட்டு அட்டையை வாங்கி இயந்திரத்தில் செருகினாள். திரையில் பதினேழு விழுந்தது. அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் குரல் தணிந்தது.

"உள்ள போனா ஒண்ணு கேளு. அறுபத்தொரு வயசுலயும் இப்படி வேர்க்குமான்னு. என் பேரச் சொல்லாத. யாரோ தெரிஞ்சவங்கன்னு கேளு."

சுய்யுன் அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஷியூலான் அதற்குள் அடுத்தவரிடம், "அட்டைய இந்தப் பக்கமா செருகணும்" என்று சொல்லப் போய்விட்டாள்.

டாக்டர் ஃபாங் அறுபதை நெருங்கியவர். அவசரமில்லாமல் பேசுகிறவர். ஜிங்ரூ கொண்டுவந்த உறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். பிறகு கேட்கத் தொடங்கினார். தூக்கம் எத்தனை மணிக்குக் கலைகிறது, கலைந்தபின் என்ன செய்வீர்கள், மாதவிடாய் எப்போது நின்றது, மறதி எப்படி, எரிச்சல் யார்மேல் வருகிறது என்று ஒவ்வொன்றாக. சுய்யுனுக்கு இத்தனை கேள்வி கேட்ட டாக்டரைப் பார்த்துப் பழக்கமில்லை. பதில் சொல்லச் சொல்ல, தான் சொல்வதைக் கேட்க அவளுக்கே ஆர்வமாக இருந்தது.

"கணவரோட சேர்றதுல கஷ்டம் ஏதாவது?"

ஜிங்ரூ எழுந்தாள். "நான் வெளிய இருக்கேன்மா."

கதவு மூடியதா என்று சுய்யுன் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "வலிக்குது," என்றாள். "வறண்டுபோய் வலிக்குது. ஏப்ரல்லேந்து மக ரூம்ல படுத்துக்கறேன்."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்றது? வேர்க்குது, ஃபேன் சத்தம் உனக்குத் தொந்தரவுன்னு சொன்னேன்."

டாக்டர் தலையசைத்தார். எழுதிக்கொண்டார். மறுபடி ஜிங்ரூவை உள்ளே கூப்பிட்டார்.

"அப்ப அந்த அஞ்சு பேரும் தப்பாப் பாத்துட்டாங்களா டாக்டர்?" என்றாள் ஜிங்ரூ.

"தப்பில்லம்மா. நெஞ்சு அடிச்சுக்கிட்டா இதயத்தப் பாக்கத்தான் வேணும். ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சது நல்லதுதான். அவங்கவங்க எடத்த அவங்கவங்க சரியாத்தான் பாத்தாங்க. உங்க அம்மாவ முழுசா ஒருத்தரும் உக்கார வெச்சுக் கேக்கல. இவங்களும் சொல்லல."

ஹார்மோன் பற்றி சுய்யுனே கேட்டாள். அக்காவைப் பற்றிச் சொன்னாள். அக்காவுக்கு எந்த வயதில் வந்தது, வேறு யாருக்காவது இருந்ததா என்று அவர் விசாரித்தார்.

"அந்த மாத்திரை எல்லாருக்கும் விஷமும் இல்ல, எல்லாருக்கும் மருந்தும் இல்ல. உங்க விஷயத்துல இன்னிக்கே எழுத மாட்டேன். முதல்ல மார்பு படம் எடுத்துருவோம். அதுவரைக்கும் ஹார்மோன் இல்லாத மருந்து ஒண்ணு தர்றேன், வேர்வையக் கொறைக்கும். வறட்சிக்கு ஒரு களிம்பு. இந்தத் தூக்க மாத்திரையத் திடீர்னு நிறுத்தாதீங்க, மெல்லக் கொறைப்போம். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. மாயமெல்லாம் நடக்காது. வேர்வை பாதி கொறஞ்சாலே தூக்கம் வரும். தூக்கம் வந்தா, பேரு எழுத்தெல்லாம் பழையபடி ஞாபகம் நிக்க ஆரம்பிக்கும்."

"மூளை கெட்டுப்போகலையே?"

"ஒன்பது மாசமா தூங்காத ஆளோட மூளை எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கு."

எழுந்துகொள்ளும் முன் சுய்யுன், தெரிந்த ஒருத்தருக்காக என்று அறுபத்தொரு வயசுக் கேள்வியையும் கேட்டாள்.

கீழே போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பும்போது ஷியூலான் வாசலிலேயே நின்றிருந்தாள். "என்ன சொன்னார்?"

"சிலருக்குப் பத்து வருஷத்துக்கு மேலயும் இருக்குமாம். ஆனா அறுபதுக்கு மேல வேர்த்தா நேர்ல வந்து காட்டணுமாம், பெரியக்கா. வேற காரணம் இருக்கான்னு பாக்கணும்னார்."

"சும்மாத்தான் கேட்டேன். எனக்கென்ன."

லிஃப்ட் கதவு மூடுகிற இடைவெளியில் ஜிங்ரூ அம்மாவின் முழங்கையை இடித்தாள். ஷியூலான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மஞ்சள் சட்டைப் பையிலிருந்து தன் அட்டையை எடுத்து இயந்திரத்தில் செருகிக்கொண்டிருந்தாள்.

*

நாலே காலுக்கு சுய்யுன் ஆபீசுக்குத் திரும்பினாள். மேலதிகாரி யௌ அவளைவிடப் பத்து வயது சின்னவர். தேநீர்க் கோப்பையுடன் நிமிர்ந்தார்.

"விண்ணப்பம் கொண்டுவந்தீங்களா அக்கா? அஞ்சு மணிக்குள்ள மேல அனுப்பணும்."

"கொடுக்கப் போறதில்ல."

"ஏன், என்னாச்சு?"

"எனக்கு மாதவிடாய் நிக்கிற வயசு சார். அதான் கொஞ்ச நாளா தடுமாற்றம். இன்னிக்குத்தான் வைத்தியம் ஆரம்பிச்சிருக்கு. ஆறு மாசம் பாக்குறேன். அதுக்கப்புறமும் தப்பு விட்டா நானே எழுதிக் கொடுத்துடறேன்."

யௌவுக்கு வாயிலிருந்த தேநீர் புரையேறியது. இருமி முடித்துவிட்டு, மேஜையைத் துடைத்துவிட்டு, கஷ்டப்பட்டு அவளை நேராகப் பார்த்தார். "ஆபீஸ்ல ஏதாவது செய்யணுமா?"

அவர் இப்படிக் கேட்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "என்னை ஏசி நேரா அடிக்கிற மூணாம் கவுன்ட்டருக்கு மாத்துங்க. அங்க இருக்கிற பொண்ணு தினமும் குளிருதுன்னு போர்வை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா."

"நாளைக்கே மாத்திடலாம்," என்றார் யௌ. அவருக்கு வீட்டில் யாருடைய ஞாபகமோ வந்திருக்க வேண்டும். கொஞ்சம் தயங்கி, "எந்த டாக்டர் அக்கா?" என்று கேட்டு, பேரை எழுதிக்கொண்டார்.

ஆறு மணி ரயிலுக்கு ஜிங்ரூவை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டாள். ஸ்டேஷன் வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்தபோது மகள் சொன்னாள்: "அப்பாகிட்ட நீயே சொல்லு. என்ன விட்டுச் சொல்ல வைக்காத. போன தடவை நான் வந்தப்போ, 'அம்மா என்மேல கோவமா இருக்காளா'ன்னு என்னைத்தான் கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"தெரியலன்னேன். தெரியலதானே?"

*

போவென் பாசன அலுவலகத்தில் மதகுக் காவலன். ஊருக்குக் கிழக்கே, பூண்டு வயல்களுக்கு நடுவே ஓடும் கால்வாயின் மதகடியில்தான் மாலையில் இருப்பான். சுய்யுன் வீட்டுக்குப் போகாமல் நேராக அங்கே வண்டியை விட்டாள்.

அவன் சக்கரத்தைச் சுற்றி மதகை இறக்கிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கை நின்றது. "என்ன, வீட்ல ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல. இறக்கி முடி. பேசணும்."

அவன் இறக்கி முடித்தான். இருவரும் பள்ளியில் ஒரே வகுப்பு. அந்த நாளிலிருந்து ஒருவரை ஒருவர் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இந்த ஆறேழு மாதமாகக் கூப்பிடுவதே குறைந்துவிட்டது. சோறு இருக்கு, மழை வரும் போலிருக்கு, சாவி எங்கே. அவ்வளவுதான் பேச்சு.

"போவென், ஏப்ரல்ல நான் ரூம் மாத்திக்கிட்டேன் இல்ல? அதுக்கு நான் சொன்ன காரணம் பாதிதான் உண்மை." வருகிற வழியில் நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள். இப்போது ஐந்தாவது விதமாக வந்தது. "வேர்வைய சமாளிச்சிருப்பேன். ஆனா வலிக்குது. நீ கிட்ட வந்தா வலிக்குமேன்னு முன்னாடியே பயம். சொல்லவும் வெக்கம். மாதவிடாய் நின்னதால இப்படின்னு இன்னிக்கு டாக்டர் சொன்னார். மருந்து குடுத்திருக்கார். கொஞ்சம் நாள் ஆகும். உன்மேல கோவம் ஒண்ணும் இல்ல. ஒருநாளும் இருந்ததில்ல."

போவென் கையுறையைக் கழற்றினான். ஒரு கை, பிறகு மறு கை. தண்ணீர் மதகில் முட்டிக்கொண்டு நின்றது.

"மார்பு படமும் எடுத்திருக்கு. புதன்கிழமை பாத்துச் சொல்வாங்க. அதுவும் உனக்குத் தெரியணும்."

"ஜிங்ரூ உன்கூட வந்தாளா?"

"வந்தா."

"நல்லது." அவன் கால்வாய்ச் சுவரில் உட்கார்ந்தான். "நான் என்ன நெனச்சேன்னா," என்று தொடங்கி நிறுத்தினான்.

"சொல்லு."

"என்னைப் பாக்கவே உனக்குப் பிடிக்கலன்னு நெனச்சேன். மக வேலைக்குப் போயிட்டா, இனிமே இவன் எதுக்குன்னு தோணிடுச்சு போலன்னு. உனக்கு எடம் குடுத்து ஒதுங்கிக்கறது நல்லதுன்னு பட்டுச்சு."

"யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமே. என்கிட்டயே கேட்டிருக்கலாம்."

"கேட்டு நீ ஆமான்னு சொல்லிட்டா?"

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து, பிரிக்காமல் அவள் கையில் வைத்தான்.

"மலைமேல அணைக்கட்டுல ஒரு எடம் காலின்னு ஜூலைல சொன்னாங்க. அங்கயே தங்கணும். ஒரு வருஷம். ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் வீட்டுக்கு வரலாம்."

"உனக்கு மாத்தல் போட்டுட்டாங்களா?"

"அவங்களா போடல. நான் கேட்டு வாங்கினேன். இன்னிக்குக் காலைலதான் உத்தரவு வந்துச்சு."

"எப்ப போகணும்?"

"திங்கக்கிழமை."

சுய்யுன் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை. அவன் பக்கத்தில், தோள் இடிக்கிற நெருக்கத்தில், சுவரில் உட்கார்ந்தாள். இன்று வியாழக்கிழமை. நடுவில் மூன்று நாள் இருந்தது.